பதினாலாம் வளைவில் ஹோவினோவின் வீடு

அன்செல்மோவுக்கும் எனக்கும் முதல் சண்டை உப்பால் வந்தது. பியேத்ரா மன்சா கணவாயின் சிலி பக்கத்துச் சாலை முகாமில் நான் சமையலுக்குச் சேர்ந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன், சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இதுல உப்பு போட்டியா, இல்ல போடலாமான்னு யோசிச்சுட்டு விட்டுட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். நான் டப்பாவைத் தூக்கி அவன் முன்னால் வைத்து, "இந்தா, ரோட்டுக்குக் கொட்டுற மாதிரி கொட்டிக்கோ" என்றேன். சாலையில் பனி உறையாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பு தூவுவதும் அவன் வேலைதான். மேஜையே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக என் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவையும் தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் கதையை நான் சொல்வது சரியா என்று தெரியவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதுவும் நல்ல பங்கு இல்லை. ஆனால் லாரிக்காரர்கள் அவனைப் பற்றி அளக்கும் கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவர்கள் பேச்சில் அவன் பாதி புனிதனாகிவிட்டான். அவன் புனிதனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவன். கோடையில் ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டு போய், முதல் பனிக்கு முன்னால் கீழே இறக்குகிற பிழைப்பு. பத்தொன்பது வயதில் சாலை வேலைக்கு வந்தான். குட்டையான ஆள், கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. கோடையிலும் குளிர்காலத்திலும் அதே கம்பளிக் குல்லா. அதற்குள் முடி இருக்கிறதா என்று முகாமில் பந்தயமே நடந்திருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்தால் மெக்சிகோ பாட்டுகளை உரக்கப் பாடுவான். ரேடியோ பொத்தான் அழுந்திக் கிடந்தால் போச்சு, கணவாய் முழுக்க அந்தக் கொடுமையைக் கேட்க வேண்டும்.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. இடது பக்கம் அன்றைய சாப்பாடு, வலது பக்கம் ஒரு எண். ஒன்றிலிருந்து ஐந்து வரை. மேலே பனி எப்படி நிற்கிறது, எவ்வளவு சுலபமாக அறுந்து வரும் என்று முகாம் தலைவர் காலையில் அளந்து பார்த்துச் சொல்லுவார், நான் சுண்ணக்கட்டியால் எழுதுவேன். எண் மூன்று என்றால் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக மெல்லுவார்கள். நான்கு என்றால் பேச்சு குறைந்துவிடும்.

மூன்றும் அதற்கு மேலும் என்றால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவன் பனியைத் தள்ளுவான். மற்றவன் ஆபத்தில்லாத இடத்தில் நின்று மலையைப் பார்ப்பான். கழுத்தில் விசில், கையில் ரேடியோ. மேலே ஏதாவது அசைந்தால் கத்த வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது. மூத்திரம் முட்டினால்கூட முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அன்செல்மோவுக்கு ஜோடி ஹோவினோ. நெட்டையன், வாயாடி. கையுறை முதல் சீப்பு வரை எல்லாம் இரவல். "உன்கிட்ட சொந்தமா என்னடா இருக்கு?" என்று கேட்டால், "எத்தெல்வீனா இருக்கா, அவளையும் அவங்க அப்பன்கிட்ட இரவல்தான் வாங்கினேன்" என்பான். எத்தெல்வீனா அவன் பெண்டாட்டி. கீழே ஊரில் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கு முடி வெட்டுகிறவள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், எங்களுக்கு நடுக் குளிர்காலம். மூன்று நாள் வடமேற்கிலிருந்து காற்று. அந்தக் காற்றுதான் ஆபத்து. ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறு பக்கத்துச் சரிவில் பலகை மாதிரி இறுக்கி வைத்துவிடும். அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடக்கும். பலகை எதன் மேல் நிற்கிறது என்று அதற்கே தெரியாது. நான்காம் நாள் காலையில் நான் கரும்பலகையில் 'நான்கு' என்று எழுதினேன். அர்ஜென்டினா பக்கம் முந்நூறு லாரி காத்துக் கிடந்தது, சாலையைத் திறந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கினார்கள்.

கணவாய்ச் சாலையின் பதினாலாம் வளைவில் ஹோவினோ பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அதற்குக் கீழே பன்னிரண்டாம் வளைவில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு, வெளியே நின்று அன்செல்மோ பார்த்துக்கொண்டிருந்தான். பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. காலையில் நான் பிளாஸ்கில் காப்பி போட்டுக் கொடுத்திருந்தேன். பதினோரு மணி வாக்கில் சும்மா இருக்க முடியாமல் ரேடியோவை எடுத்தேன். எனக்கு அப்படி ஒரு வாய்.

"அன்செல்மோ, காப்பிய குடிச்சியா இல்லியா? ஆறிப்போனதும் குடிச்சுட்டு வந்து என் உசிரை வாங்காத."

ரேடியோவில் ஹோவினோ குறுக்கே புகுந்தான். "டேய், எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைடா. மொத்தமா ஊத்திக்காத."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அன்செல்மோ வண்டிக்குள் ஏறினான், மலைக்கு முதுகைக் காட்டி மூடியைத் திறந்தான், அரைக் கோப்பை குடித்தான். நிமிர்ந்தபோது பதினாலுக்கு மேலே இருந்த சரிவு மொத்தமும் நகர்ந்துகொண்டிருந்தது. விசில் ஊதினான், கத்தினான். இரண்டு மணி நேரம் தோண்டினோம். நானும் போனேன், சூப்புக் கரண்டி பிடிக்கிற கையால் மண்வெட்டி பிடித்தேன். ஹோவினோவை உயிரில்லாமல்தான் எடுத்தோம்.

விசாரணைக்கு வந்தவர்கள் அன்செல்மோவைக் கேட்டார்கள். "பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ரொம்ப வேகமா வந்துடுச்சு" என்றான். எழுதிக்கொண்டு போனார்கள். காப்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதையுமே கேட்கவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை. அன்செல்மோவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அந்தப் பேசாமையிலேயே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டோம்.

திடீரென்று செத்தவனின் ஆவி, விழுந்த இடத்தை விட்டு நகராது. அதனால் அந்த இடத்திலேயே அதற்குச் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கொடுப்போம். அனிமித்தா என்போம். எங்கள் சாலைகளில் எங்கே பார்த்தாலும் இருக்கும். ஹோவினோவுக்கு அன்செல்மோதான் கட்டினான். முதலில் ஒரு மரப்பெட்டி. அடுத்த வருஷம் சிமென்ட், தகரக் கூரை, கண்ணாடிக் கதவு. உள்ளே ஹோவினோவின் மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு போட்டோவும். போட்டோவில் அவன் போட்டிருப்பது அன்செல்மோவின் கோட்டு.

ஒரு லாரிக்காரன் பிரேக் பிடிக்காமல் இறங்கிவந்து, சரியாக அந்த வீட்டுக்கு எதிரே வண்டி நின்றது என்று சொன்னான். அவ்வளவுதான், பரவிவிட்டது. ஹோவினோவிடம் கேட்டால் கணவாயைப் பத்திரமாகத் தாண்ட வைப்பான். மெழுகுவத்தி, பிளாஸ்டிக் பூ, 'நன்றி ஹோவினோ' என்று தகரப் பலகை. உயிரோடு இருந்தபோது ஒரு சீப்பைக்கூடத் திருப்பிக் கொடுக்காதவன் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தான்.

அன்செல்மோ என்ன செய்தான் தெரியுமா? வந்தவர்கள் நிற்க இடம் செய்து கொடுத்தான். முதலில் ஒரு லாரி ஒதுங்கும் அளவுக்கு. பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஒவ்வொரு பனிக்கும் சாலையைத் தொடுவதற்கு முன்னால் ஹோவினோவின் வாசலைத்தான் சுத்தம் செய்வான். அங்கே 'பனிச்சரிவுப் பகுதி, நிற்காதே' என்று ஒரு பலகை உண்டு. ஒரு தடவை வண்டியின் முன்தகடு இடித்து அது வளைந்து படுத்துவிட்டது. அவன் நிமிர்த்தவில்லை. தினமும் அதைத் தாண்டிப் போகிற நாங்களும் நிமிர்த்தவில்லை. 'நண்பன்னா இப்படி இருக்கணும்' என்று அவன் முதுகைத் தட்டினோம்.

மாதம் ஒரு தடவை எத்தெல்வீனா வீட்டுக்கு விறகு கொண்டுபோய் அடுக்குவான். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டான். அடுக்குவான், தேநீர் குடிப்பான், வருவான். ஊரில் எல்லோரும் வேறு மாதிரி பேசினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன், "என்னய்யா, எப்ப எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு?" என்று. காரணம் தெரிந்தவளே அப்படிக் கேட்டேன், பாருங்கள்.

போன ஆகஸ்ட் மாதம் நான்கு நாள் புயல். ஒரு மீட்டர் நாற்பது பனி. ஐந்தாம் நாள் வெயில் அடித்து, மேல் சரிவுகளில்கூடப் பனி விறுவிறுவென்று இளக ஆரம்பித்தது. காலை இரண்டு மணி நேரம் மட்டும் சாலையைத் திறந்தார்கள். பன்னிரண்டாம் வளைவுக்கும் பதினாறாம் வளைவுக்கும் நடுவே நிற்கக் கூடாது என்று சாலைத் தடுப்பில் ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விட்டார்கள். அர்ஜென்டினாவின் மெந்தோசாவிலிருந்து வந்த லாரிக்காரன் எவெலியோ தலையை ஆட்டிவிட்டுப் போய், பதினாலில் நிறுத்தினான். அவ்வளவு சுத்தமாக வழித்து வைத்த இடத்தைப் பார்த்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்? மனைவி மிர்த்தாவை லாரியில் உட்கார வைத்துவிட்டு மெழுகுவத்தியோடு இறங்கினான். பனி வந்தது. சிறுவீட்டையும் அதன் முன்னால் மண்டியிட்டிருந்த அவனையும் விட்டுவிட்டு லாரியைத் தூக்கிக்கொண்டு போனது.

நாற்பது நிமிஷத்தில் மிர்த்தாவை உயிரோடு எடுத்தார்கள். அன்செல்மோதான் முதலில் அவள் கையைக் கண்டுபிடித்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதோடு அந்த இடத்தை விட்டு விலகுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களை நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. 'அவ்வளவு பனியிலும் ஹோவினோ அவளுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தான்' என்றார்கள். நாளுக்குப் பத்து லாரி நின்ற இடத்தில் முப்பது நின்றது. நவம்பரில் எவெலியோவே பளிங்குக் கல்லில் நன்றி எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து அன்செல்மோவைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"உங்க நண்பர்தான் என் மிர்த்தாவக் காப்பாத்துனாரு, அன்செல்மோ ஐயா."

"காப்பாத்துனானா?" அன்செல்மோ அவன் கையை உதறினான். "உன்னை அங்க நிக்க வெச்சதே நான்டா! அந்தப் பொண்ணு கால எடுத்தது நான்!"

எவெலியோவுக்குப் புரியவில்லை. துக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அன்செல்மோ அன்றைக்குத் தட்டை நீட்டவில்லை.

அடுத்த நாள் முகாம் தலைவரிடம் போய், சிறுவீட்டை எடுத்துவிடலாம் என்று கேட்டான். தலைவர் படித்தவர், பனியை அளக்கிறவர். ஆனால் பதினாலைத் தாண்டும்போது அவரும் தொப்பியைத் தொட்டுக்கொள்வார். "நான் சொல்லலாம் அன்செல்மோ, யார் கை வைப்பா? ஆவி இருக்கற வீடு. அவன் சம்சாரம் சரின்னா பார்க்கலாம்" என்று நழுவிவிட்டார். வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. ஆவி அங்கேயே இருக்க, காலி வீட்டைக் கீழே வைத்து என்ன பிரயோஜனம்?

கோடை முழுக்க அவன் தள்ளிப்போட்டான். எத்தெல்வீனாவிடம் கேட்பதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் காப்பியிலிருந்து தொடங்க வேண்டும். ஏப்ரலில், முதல் பனிக்கு முன்னால், என்னிடம் வந்தான்.

"எங்கூட வர்றியா, நில்டா? நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திரு."

போனேன். எத்தெல்வீனா தேநீர், ரொட்டி, பிசைந்த அவகாடோ எல்லாம் வைத்தாள். செம்பழுப்புச் சாயம் பூசிய முடியைப் புதிதாகச் சுருட்டி விட்டிருந்தாள். அன்செல்மோ குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் தலையைப் பார்த்தேன். வழுக்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். குளிர், பிக்கப் வண்டி, பிளாஸ்க், அரைக் கோப்பை. நான் ரேடியோவில் கூப்பிட்டதை மட்டும் விட்டுவிட்டான். நான் காத்திருந்தேன், அவன் அதைச் சொல்லவே இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

எத்தெல்வீனா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "காப்பியா?" என்றாள்.

"ஆமா."

"பதினோரு வருஷமா வெறகு கொண்டாந்து போட்டியே. அது இதுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊரே கேட்டுச்சுய்யா என்னைய, கல்யாணம் எப்போ எப்போன்னு. கூச்ச சுபாவம், அவனாக் கேப்பான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இந்தத் தலைக்குச் சாயம் யாருக்குப் பூசுனேன்னு நெனச்ச? ஹோவினோ போட்டோவுக்கா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து போய் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டாள். அவன் கொண்டுவந்த கட்டை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"அந்தக் காலு போன பொண்ணு பேரு என்ன?"

"மிர்த்தா."

"மிர்த்தா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "வீட்ட இடிக்கக் கூடாது. அவன் அங்கதான் இருக்கான், அவன எங்க போகச் சொல்லுவ? ஆனா இனிமே நீ வாசலச் சுத்தம் பண்ணாத. பனி விழுந்தா விழட்டும். ரோட்டுல தள்ளுற பனியையும் அங்கயே கொண்டுபோய்க் கொட்டு. கூரை தெரியக் கூடாது. ஒரு சைக்கிள் நிக்கக்கூட எடம் இருக்கக் கூடாது. கோடைக்கு உருகட்டும், நான் வந்து மெழுகுவத்தி ஏத்திக்கறேன்."

"எத்தெல்வீனா, அவனத் தோண்டி எடுத்தவன் நான். என்னையே மூடச் சொல்றியா?"

"நீதான் மூடணும். வேற எவனும் அவன் மேல ஒரு கைப்பிடி பனி போடக் கூடாது. ஒவ்வொரு புயலுக்கும் நீயே போ." வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வெறகு இனிமே வேணாம்."

ஜூன் மாதம் முதல் புயல் வந்தது. மூன்று நாள், வடமேற்குக் காற்று. அன்செல்மோவின் புது ஜோடிக்குக் காய்ச்சல். ஹோவினோ செத்த பிறகு முகாமில் எல்லோருக்கும், சமையல்காரி உட்பட, மலை பார்க்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் பலகையில் வலது பக்கம் 'மூன்று' என்று எழுதினேன், இடது பக்கம் 'சோபாய்ப்பியா' என்று எழுதினேன். புயல் நாளில் பூசணி மாவு பொரிக்காவிட்டால் இவர்கள் என்னைத் தின்றுவிடுவார்கள். மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான்.

"பார்ப்பியா?"

"இத்தனை வருஷமா உன் மூஞ்சியப் பார்க்கறேன். மலையப் பார்க்க மாட்டனா?" என்றேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு விசிலை எடுத்தேன்.

பன்னிரண்டாம் வளைவில், அதே இடத்தில் நின்றேன். விசில் கழுத்தில், ரேடியோ கையில். பிளாஸ்க் பின்னால் பிக்கப் வண்டியில் இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் பதினாலுக்கு ஏறினான். இந்தத் தடவை ஹோவினோவின் வாசலைச் சுத்தம் செய்யவில்லை. சாலைப் பனியை மொத்தமாகச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய், சிறுவீட்டின் மேல் கொட்டினான். பாதிச் சுவர் மறைந்தது. பின்னால் வந்து, மறுபடி ஒரு குவியலைத் தள்ளினான். பளிங்குக் கல் போனது, கண்ணாடிக் கதவு போனது. வண்டி நின்றது. பாட்டு இல்லை. ரேடியோவில் அவன் மூச்சு மட்டும் கேட்டது, பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஹோவினோ, மன்னிச்சுக்கடா" என்று சொன்னான். அழுதான். மூன்றாம் தடவை முன்தகட்டை இறக்கினான். கூரையும் போனது.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவன் பொத்தான் விடுபட்டதும் பேசினேன்.

"அன்செல்மோ, அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டது நான்தான். காப்பி குடின்னு சொன்னது நான். ஏன் அவகிட்ட என்னைச் சொல்லல?"

வண்டியின் முன்தகடு மேலே எழுந்தது.

"குடிச்சது நான்தான, நில்டா?" என்றான். "இப்பவும் எதுக்குப் பேசற? மேல பாரு."

நான் மேலே பார்த்தேன்.